பாஸ்பேட் கரைசலில் உரியும் காந்தத் துகள் படலம்: எது விடுகிறது, எது பிடிக்கிறது?

கேள்வி – 11 அக்டோபர் 2021

கண்ணாடித் தகட்டில் அமினோசிலேன் (கண்ணாடியோடு பிணைந்து, மேலே அமின் குழுக்களை நீட்டி நிற்கும் பூச்சு) பூசி, அதன்மேல் சிட்ரேட் போர்த்திய 10 நானோமீட்டர் மேக்னடைட் (காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு) துகள்களைப் படியவைக்கிறேன். தூய நீரில் ஒரு வாரம் ஊறவைத்தாலும் படலம் அப்படியே இருக்கிறது. உயிரணுச் சோதனைக்காக அதே தகட்டை பி.எச். 7.4 உள்ள பாஸ்பேட் தாங்கல் கரைசலில் வைத்தால் ஒரு மணி நேரத்திற்குள் நிறம் வெளுத்துவிடுகிறது. தகட்டுக்கு அடியில் வலுவான காந்தத்தை வைத்து உலர்த்தினால் துகள்கள் இறுகப் பிடித்துக்கொள்ளும் என்று எங்கள் ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவர் சொல்கிறார். அது சரியா? உப்புக் கரைசலிலும் நிற்கும் படலத்தை எப்படிச் செய்வது?

பதில் – 11 அக்டோபர், இரவு

காந்தம் வைக்காதீர்கள். கணக்கைப் பார்த்தாலே காரணம் தெரியும். 10 நானோமீட்டர் மேக்னடைட் துகள் ஒன்றின் காந்தத் திருப்புதிறன் ஏறத்தாழ 1.6 × 10⁻¹⁹ ஆம்பியர் சதுர மீட்டர். நியோடிமியம் காந்தத்தின் அருகே புலம் மீட்டருக்கு 10 டெஸ்லா வீதம் மாறுகிறது என்று கொண்டால், அத்துகள் காந்தத்தை நோக்கி இரண்டரை மில்லிமீட்டர் நகர்ந்தால்தான் காந்தம் அதற்குத் தரும் ஆற்றல் அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலுக்குச் சமமாகும். உங்கள் படலத்தின் தடிமனோ நானோமீட்டர்களில் இருக்கிறது. அந்தத் தொலைவில் காந்த இழுப்பு ஒரு பொருட்டே அன்று. காந்தம் வைத்ததும் துகள்கள் விரைந்து கீழே சேர்வதைக் கண்ணால் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால், அவர் பார்த்தவை முன்பே திரண்டுபோன கட்டிகள். தனித்த துகள்கள் அல்ல.

உப்புக் கரைசலில் உரிவதற்குக் காரணம் மின்திரை, அதாவது உப்பின் அயனிகள் சூழ்ந்து நின்று மின்னீர்ப்பை மறைப்பது. உங்கள் துகள்கள் எதிர்மின்னேற்றமும் அமினோ தளம் நேர்மின்னேற்றமும் கொண்டவை. பிடிப்பு அந்த ஈர்ப்பில் நிற்கிறது. 1 மில்லிமோலார் உப்பில் அந்த ஈர்ப்பு ஏறத்தாழ 10 நானோமீட்டர் வரை எட்டும். 150 மில்லிமோலாரில் அது 0.8 நானோமீட்டராகச் சுருங்கிவிடும்.

12 அக்டோபர்

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். காந்தத்திற்கு இந்த வேலையில் இடமே இல்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். அதன் இடம் படியவைப்பதற்கு முன்னால் இருக்கிறது. துகள் கூழ்மத்தை ஒரு குப்பியில் ஊற்றி, காந்தத்தின் மேல் இரவு முழுவதும் வைத்து, அடியில் சேர்ந்ததைத் தொடாமல் மேலே தெளிந்து நிற்கும் பழுப்பு நீரை மட்டும் எடுத்துப் பயன்படுத்துங்கள். கட்டிகள் கீழே போய்விடும். தகட்டில் ஒட்டும் ஒவ்வொரு கட்டியும் பின்னால் உரிவதற்கான தொடக்கப் புள்ளி. பெரிய கட்டியில் தளத்தைத் தொடுவது ஒரு சில துகள்கள்தாம், மேலே தொங்குபவை ஆயிரக்கணக்கில் இருக்கும்.

துகளின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரு துகள்கள் தொட்டுக்கொண்டிருக்கும்போது அவற்றின் காந்த ஈர்ப்பு, 10 நானோமீட்டரில் அதிகபட்சம் வெப்ப ஆற்றலைச் சற்றே தாண்டுகிறது. அது விட்டத்தின் மும்மடியாக வளர்வதால், 20 நானோமீட்டரில் வெப்ப ஆற்றலைப் போல பத்து மடங்காகிவிடும். போர்வை மெல்லியதாக இருந்தால் புலமே இல்லாமல் துகள்கள் சங்கிலி கோக்கத் தொடங்கும். நீங்கள் 10 நானோமீட்டரில் நிற்பது நல்ல தேர்வு. பெரிதாக்கினால் காந்தச் சைகை கூடும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. 18 நானோமீட்டர் துகள்களோடு ஓர் ஆண்டு போராடிவிட்டு 10-க்குத் திரும்பினேன்.

13 அக்டோபர்

படலம் என்று எதைச் சொல்கிறோம் என்பதிலேயே குழப்பம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது, ஆகவே என் சொந்த அனுபவத்திலிருந்து கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இந்தத் துறைக்குள் வந்த முதல் மூன்று மாதங்கள் நான் செய்ததெல்லாம் சொட்டு வைத்து உலர்த்துவதுதான். சிலிக்கான் துண்டின் மேல் ஒரு சொட்டு. காய்ந்ததும் கறுத்த ஒரு வட்டம். மின்னணு நுண்ணோக்கியில் அடர்த்தியான, அழகான படங்கள். சொட்டின் விளிம்பு நகராமல் நிற்க, அங்கே நீர் விரைவாக ஆவியாக, அந்த இழப்பை ஈடுசெய்ய உள்ளிருந்து விளிம்பை நோக்கி ஓடும் நீர் துகள்களையும் இழுத்துச் சென்று அங்கே குவிக்கிறது. தரையில் சிந்திய காப்பி காய்ந்தபின் விளிம்பு மட்டும் கறுத்திருப்பதும் இதனால்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தினர் 1997-இல் இதை விளக்கினார்கள். எனக்கு அந்த விளக்கம் தெரிந்திருந்தது. ஆனாலும் விளிம்பைத் தவிர்த்து நடுவில் படம் எடுத்தால் போதும் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் அந்தத் துண்டை நீரில் நனைத்தேன். முழு வட்டமும் ஒரே தோலாகக் கழன்று மிதந்தது. மூன்று மாதங்களாக நான் படம் பிடித்தது தளத்தின்மேல் வெறுமனே அமர்ந்திருந்த தூளை.

அன்றிலிருந்து கழுவாத எதையும் நுண்ணோக்கிக்கு அனுப்புவதில்லை. தகட்டை நிமிர்த்திக் கூழ்மத்தில் அமிழ்த்தி வைக்கிறேன், அரை மணி நேரம் கழித்து எடுத்து, உலரவிடாமல் உடனே மூன்று பீக்கர் தூய நீரில் அடுத்தடுத்துக் கழுவுகிறேன், பிறகே உலர்த்துகிறேன். உலரும் நீரின் பரப்பு இழுவிசை துகள்களை நகர்த்திச் சேர்க்கும் என்பதால், கழுவும் முன் ஒரு கணமும் உலரக் கூடாது. ஒரு முறை அமிழ்த்தினால் ஓர் அடுக்குக்கு மேல் சேராது, ஏனென்றால் ஒட்டிய துகள்கள் அடுத்து வருபவற்றைத் தள்ளுகின்றன. கூடுதல் தடிமன் வேண்டுமானால் இடையில் நேர்மின் பாலிமர் ஒன்றில் நனைத்து, மறுபடி துகள், மறுபடி பாலிமர் என்று அடுக்க வேண்டும். எதிரெதிர் மின்னேற்றமுள்ள கூழ்மத் துகள்களை மாற்றி மாற்றி அடுக்கலாம் என்று டூபான்ட் நிறுவனத்தின் ரால்ஃப் ஐலர் 1966-லேயே காட்டினார். 1990-களில் கெரோ டெக்கர் அதைப் பாலிமர்களுக்கு விரித்தார். பொறுமை வேண்டும், செலவு மிகக் குறைவு.

15 அக்டோபர்

11-ஆம் தேதி நான் சொன்ன மின்திரை விளக்கத்தைச் சோதிக்காமல் நம்பாதீர்கள். உங்கள் தாங்கல் கரைசலில் 137 மில்லிமோலார் சோடியம் குளோரைடும் 10 மில்லிமோலார் பாஸ்பேட்டும் இருக்கும். பாஸ்பேட்டே இல்லாமல், அதே அளவு சோடியம் குளோரைடை ஹெப்பஸ் தாங்கலில் கரைத்து, பி.எச். 7.4-க்குச் சரிசெய்து, இன்னொரு தகட்டை அதில் வையுங்கள். இரண்டிலும் உரிந்தால் நான் சொன்னது சரி.

19 அக்டோபர்

கேட்டவர் சோதித்து எழுதியிருக்கிறார்: ஹெப்பஸ் கரைசலில் இரண்டு நாள் கழித்தும் படலம் நிற்கிறது, பாஸ்பேட் கரைசலில் வழக்கம்போல் உரிகிறது. ஆகவே என் விளக்கம் தவறு. உப்பு ஈர்ப்பைக் குறுக்குவது உண்மைதான், ஆனால் தளத்தைத் தொட்டுவிட்ட துகளை விடுவிக்க அது மட்டும் போதவில்லை. ஒரு துகள் பல அமின்களோடு ஒரே நேரத்தில் பிணைந்திருக்கிறது, நெருக்கத்தில் வேண்டர்வால்ஸ் ஈர்ப்பும் சேர்கிறது. பி.எச். 7.4-இல் அமின்களின் மின்னேற்றம் குறைவதும் காரணமாகலாம் என்று உள்ளூர ஓர் ஐயம் இருந்தது. ஹெப்பஸும் அதே பி.எச். ஆதலால் அதுவும் நீங்கியது.

குற்றவாளி பாஸ்பேட். இரும்பு ஆக்சைடின் பரப்பில் உள்ள இரும்பு அணுக்களை பாஸ்பேட் நேராகப் பற்றிக்கொள்ளும். சிட்ரேட்டின் கார்பாக்சிலேட் பிடியைவிட அந்தப் பிடி வலுவானது. செம்மண் நிலத்தில் இடும் சூப்பர் பாஸ்பேட்டில் பெரும்பகுதி பயிருக்கு எட்டாமல் மண்ணிலேயே கட்டுண்டு போவதை உழவர்கள் அறிவார்கள். அங்கே அதைக் கட்டிவைப்பவற்றில் முதன்மையானவை மண்ணைச் சிவப்பாக்கும் இரும்பு ஆக்சைடுகளும் அலுமினிய ஆக்சைடுகளும்தாம். வயலில் நடப்பதே உங்கள் தகட்டிலும் நடக்கிறது. துகளுக்கும் தளத்திற்கும் நடுவே கைகோத்து நின்ற சிட்ரேட்டை பாஸ்பேட் விலக்கிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. தளத்தோடு இணைக்கும் கை போனபின் துகள் மிதந்துவிடுகிறது.

இதை எழுதும்போது என் பழைய குறிப்பேடுகள் நினைவுக்கு வருகின்றன. பாஸ்பேட்டில் தோற்ற தகடுகளுக்கெல்லாம் "உப்பு தாங்கவில்லை" என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு முறையாவது வெறும் சோடியம் குளோரைடில் வைத்துப் பார்த்திருந்தால் சில ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

20 அக்டோபர்

உரிந்ததை நிறத்தால் மட்டும் மதிப்பிட வேண்டாம். கழுவிய கரைசலில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கி, பொட்டாசியம் தயோசயனேட் விட்டால் சிவப்பு வரும். நிறமானியில் அளந்தால் எவ்வளவு இரும்பு போயிற்று என்று தெரிந்துவிடும். நுண்ணோக்கிக் கண்ணாடித் தகடு ஒன்றின் இரு முகங்களும் சேர்ந்து ஏறத்தாழ 37 சதுர சென்டிமீட்டர். நிறைந்த ஓர் அடுக்கானால் அதில் 80 மைக்ரோகிராம் அளவுக்கு இரும்பு இருக்கும். 25 மில்லிலிட்டர் கரைசலில் அதன் பத்தில் ஒரு பங்கு போனாலும் கண்டுபிடிக்கலாம்.

21 அக்டோபர்

நேற்று சொன்ன முறை உங்கள் கரைசலுக்குப் பொருந்தாது. பாஸ்பேட் இரும்பைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு தயோசயனேட் சிவப்பை வெளுக்கச் செய்துவிடும். உரிந்தது உண்மையை விடக் குறைவாகத் தெரியும். அதைவிட நம்பகமானது, போனதை விட்டுவிட்டு எஞ்சியதை அளப்பது. ஊறவைத்த தகட்டைத் தூய நீரில் நன்றாகக் கழுவி, அதன்மேல் எஞ்சிய படலத்தைச் சூடான அமிலத்தில் கரைத்து, அந்தக் கரைசலில் தயோசயனேட் சேருங்கள். ஊறாத தகடு ஒன்றையும் அதே நாளில் அதே முறையில் கரைத்து ஒப்பிடுங்கள். ஒவ்வோர் அளவீட்டிற்கும் ஒரு தகடு அழியும், வேறு வழியில்லை.

2 நவம்பர்

வேறொருவர், தன் அமினோசிலேன் தகடுகளில் சில ஒட்டுகின்றன, சில ஒட்டவில்லை, நாள் பார்த்து மாறுகிறது என்று எழுதியிருக்கிறார். எந்த ஊர், எந்த மாதம் என்று அவரைக் கேட்டேன். கடற்கரை நகரம், ஐப்பசி மழை.

சிலேன் பூச்சு ஈரத்தால் ஆளப்படுகிறது. கண்ணாடியின் மேல் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருந்தால்தான் சிலேன் நீராற்பகுத்துப் பிணையும். ஆனால் சிலேனைக் கரைத்துப் பூசும் டொலுவினில் ஈரம் மிகுந்துவிட்டால் சிலேன் மூலக்கூறுகள் தளத்திற்கு வரும் முன்பே தமக்குள் பிணைந்து கட்டிகளாகிவிடும். அக்கட்டிகள் தகட்டின்மேல் தளர்வாக அமர்கின்றன, துகள்கள் அவற்றின்மேல் ஒட்டுகின்றன, பின்னர் கட்டியோடு சேர்ந்து துகளும் போகிறது. மழைக்காலத்தில் நான் பூசிய தகடுகளை அணுவிசை நுண்ணோக்கியில் பார்த்தபோது பல பத்து நானோமீட்டர் உயரமுள்ள மேடுகள் நிறைந்திருந்தன. ஓர் அடுக்குச் சிலேனின் தடிமன் ஒரு நானோமீட்டரைக்கூட எட்டாது.

அதற்குப் பிறகு நான் பின்பற்றுவது இது. டொலுவினை மூலக்கூறு சல்லடையில் ஒரு நாள் உலர்த்துகிறேன். சிலேன் குப்பியைத் திறந்தபின் நைட்ரஜன் நிரப்பியே மூடுகிறேன். பூசியபின் புதிய டொலுவினில் மீயொலித் தொட்டியில் வைத்துத் தளர்ந்தவற்றைக் கழற்றுகிறேன். பிறகு 110 பாகை செல்சியசில் அரை மணி நேரம் சூடாக்குகிறேன். இவ்வளவும் செய்த பிறகும் அமினோசிலேன் நீரில் நெடுநாள் நிற்காது. அதன் அமினே வளைந்து வந்து தன்னைக் கண்ணாடியோடு இணைக்கும் சிலாக்சேன் பிணைப்பை நீர் உடைப்பதற்குத் துணைபோகிறது. 37 பாகையில் வாரக்கணக்கில் வைக்க வேண்டிய சோதனைக்கு அதை நம்பக் கூடாது.

பிரானா கரைசலால் கண்ணாடியைத் தூய்மை செய்பவர்களுக்கு ஒரு சொல்: கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த அதற்குள் அசிட்டோன் ஈரம் உள்ள தகட்டைப் போடாதீர்கள், குப்பியை இறுக மூடாதீர்கள். வெடிக்கும்.

9 நவம்பர்

படலத்தின் காந்தத்தை எப்படி அளப்பது என்று கேட்ட இன்னொருவருக்கு. 10 நானோமீட்டர் துகள்கள் நெருங்கி அடுக்கிய ஓர் அடுக்கில் சதுர சென்டிமீட்டருக்கு 3 மைக்ரோகிராம் மேக்னடைட் மட்டுமே இருக்கிறது. கிராமுக்கு 60 ஈ.எம்.யூ. (காந்தத் திருப்புதிறனின் அலகு) என்று கொண்டால் நிறைகாந்தம் ஏறத்தாழ 2 × 10⁻⁴ ஈ.எம்.யூ. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு சதுர சென்டிமீட்டர் சிலிக்கான் துண்டு ஒரு டெஸ்லாவில் எதிர்த்திசையில் காட்டும் டயாகாந்தமும் 1.3 × 10⁻⁴ ஈ.எம்.யூ. ஆகும். கழிக்க வேண்டிய பின்னணி, தேடும் சைகையில் பாதிக்கு மேல். எனவே வெற்றுத் துண்டை முதலில் அளக்காமல் படலத்தை அளக்கக் கூடாது.

இரும்பு இடுக்கி கூடவே கூடாது. 40 மைக்ரான் பக்கமுள்ள ஓர் இரும்புத் துணுக்கு, அதாவது தலைமயிரின் தடிமனைத் தாண்டாத ஒன்று, உங்கள் சைகையில் பாதியைத் தந்துவிடும். 2004-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியினர் ஹாஃப்னியம் ஆக்சைடு படலத்தில் எதிர்பாராத காந்தம் கண்டதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டில் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் அதே பொருளில் தேடியபோது காந்தம் கிடைக்கவில்லை. துருப்பிடிக்காத எஃகு இடுக்கியால் பிடித்த துண்டுகளில் மட்டும் அதைப் போன்ற சைகை வந்தது. பிளாஸ்டிக் இடுக்கி வாங்குங்கள். கண்ணாடியை விட சிலிக்கானிலோ தூய குவார்ட்சிலோ அளப்பது நல்லது, ஏனெனில் நுண்ணோக்கித் தகட்டுக் கண்ணாடியிலேயே இரும்பு மாசு உண்டு.

10 நவம்பர்

நேற்றைய எண்ணுக்குத் திருத்தம்: அமிழ்த்திப் பூசினால் துண்டின் இரு முகங்களிலும் அடுக்கு சேரும், ஆகவே சைகையை இரண்டால் பெருக்க வேண்டும். இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு முறை நான் ஒரே அமிழ்த்தலில் இரண்டு அடுக்குகள் சேர்ந்துவிட்டன என்று நம்பி, அதற்கு ஒரு விளக்கமும் கட்டி, கட்டுரை வரைவு வரை போய்விட்டேன். பின்முகத்தைப் பஞ்சால் துடைத்துவிட்டு அளந்தபோது சைகை பாதியானது.

16 நவம்பர்

சூடாக்கி ஒட்டவைக்கலாமே என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் ஷோஹெங் சுன்னும் ஐ.பி.எம். துணைவர்களும் இரும்பு-பிளாட்டினம் நானோ துகள்களை ஒழுங்காக அடுக்கிக் காட்டினார்கள்; நிலையான காந்தமாக மாற அவற்றை 500 பாகைக்கு மேல் சூடாக்க வேண்டியிருந்தது, அந்தச் சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்வது பின்னர் பெருந்தடையாக நின்றது. இரும்பு ஆக்சைடுக்கும் இடர் உண்டு. காற்றில் 200 பாகையைத் தாண்டினாலே மேக்னடைட் மேகமைட்டாகும் (காந்தத் தன்மையுள்ள வேறோர் இரும்பு ஆக்சைடு). மேலும் சூடாக்கினால் ஹெமடைட்டாகிக் காந்தத்தைப் பெரும்பாலும் இழக்கும். அது மட்டுமன்று; 10 நானோமீட்டர் மேக்னடைட் அறை வெப்பத்திலேயே காற்றில் மெல்ல மேகமைட்டாகிறது. கூழ்மம் கறுப்பிலிருந்து செம்பழுப்புக்கு மாறியிருந்தால் உங்களிடம் இருப்பது இனி மேக்னடைட் அன்று. லேசர் ஒளியால் பொருளை இனங்காணும் ராமன் கருவியில் சோதிக்கும்போது லேசரைத் தாழ்த்தி வையுங்கள், அந்தச் சூடே அதை ஹெமடைட்டாக்கிவிடும்.

1 டிசம்பர்

இரவெல்லாம் ஒலிநாடாக்களைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். நம் வீடுகளில் இருந்த பாட்டு கேசட்டும் திடத் தளத்தின் மேல் ஒட்டிய காந்தத் துகள் படலம்தான். பெரும்பாலானவற்றில் துகள் நம்முடைய அதே மேகமைட், ஆனால் ஊசி வடிவில், அளவில் பெரியது. ஃப்ரிட்ஸ் ஃப்ளொய்மர் 1928-இல் டிரெஸ்டனில் காகிதப் பட்டையில் காந்தத் தூளை ஒட்டித் தொடங்கிய வேலை அது. 1970-களிலும் 80-களிலும் ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்பட்ட நாடாக்கள் பல, சில பத்தாண்டுகளில் பிசுபிசுத்துப் படலத்தை உதிர்த்தன. துகள்கள் கெடவில்லை. அவற்றைப் பிடித்திருந்த பாலியூரித்தேன் பசையைக் காற்றின் ஈரம் நீராற்பகுத்தது. ஏறத்தாழ 50 பாகையில் மணிக்கணக்கில் சூடாக்கி ஈரத்தை ஓட்டினால் நாடா சில வாரங்களுக்கு ஓடும், அதற்குள் பாட்டைப் படியெடுத்துக்கொள்கிறார்கள்.

துகளின் மேல் இவ்வளவு கவனம் செலுத்தும் நாம், துகளுக்கும் தளத்திற்கும் நடுவே உள்ள அந்த ஒரு நானோமீட்டரைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறோம். எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தருகிறது.

14 டிசம்பர்

முதல் கேள்விக்கு என் பரிந்துரை. சிட்ரேட்டையும் அமினோசிலேனையும் இரண்டையும் விட்டுவிடுங்கள். பாஸ்பேட்டோடு போட்டியிட வல்ல கை ஒன்று வேண்டும். கேட்டக்கால் குழு (அருகருகே இரண்டு ஹைட்ராக்சில்கள் உள்ள பென்சீன் வளையம்) அப்படிப்பட்டது. பாறையில் ஒட்டும் கடல் மட்டியின் பசையிலும் அதுவே இருக்கிறது. நைட்ரோ சேர்த்த கேட்டக்காலால் போர்த்திய இரும்பு ஆக்சைடு துகள்கள் உப்பிலும் சூட்டிலும் திரளாமல் நிற்பதைச் சூரிச் ஈ.டி.எச். குழுவினர் 2009-இல் காட்டினார்கள். அந்த மூலக்கூறைச் செய்ய வசதி இல்லையென்றால், அதே கேட்டக்கால் குழுவுள்ள டோபமின் தானே பிணைந்து தரும் பாலிடோபமின் போதும். 2007-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த எளிய செய்முறை: ஒரு மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் டோபமின், பி.எச். 8.5 உள்ள டிரிஸ் தாங்கல், காற்று பட வைத்தால் கண்ணாடியில் தானே படியும். முதலில் வெற்றுக் கண்ணாடியில் அதைப் படியவிட்டு, துகளில் அமிழ்த்திக் கழுவி, மேலே மறுபடி சிறிது நேரம் பாலிடோபமின் பூசி மூடுங்கள்.

சிலிக்காவால் மூடலாம் என்றும் முன்பு சிலருக்குச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வேலைக்கு வேண்டாம். 37 பாகைத் தாங்கல் கரைசலில் மெல்லிய சிலிக்கா மெதுவாகக் கரைந்துபோகும்.

11 ஜனவரி 2022

பாலிடோபமின் தகடு பாஸ்பேட்டில் மூன்று வாரம் கறுப்பாகவே இருப்பதாகக் கேட்டவர் மகிழ்ந்து எழுதியிருக்கிறார். பாலிடோபமினே கறுப்பு; துகள் எல்லாம் போயிருந்தாலும் தகடு கறுப்பாகத்தான் இருக்கும். 21 அக்டோபரில் சொன்னபடி எஞ்சியதை அமிலத்தில் கரைத்து இரும்பை அளந்துவிட்டு எழுதுங்கள். துகளே படாமல் பாலிடோபமின் மட்டும் பூசிய ஒரு தகட்டையும் பக்கத்தில் வையுங்கள்.

27 ஜனவரி

அளந்துவிட்டார். முதல் நாளில் சற்றுக் குறைந்த இரும்பு, அதன்பின் மூன்று வாரமும் அளவீட்டுப் பிழைக்குள் மாறாமல் நிற்கிறது. வெற்றுப் பாலிடோபமின் தகட்டில் இரும்பு இல்லை. முதல் நாள் போனவை நேராகத் தளத்தைத் தொடாமல் வேறு துகளின்மேல் அமர்ந்திருந்தவையாக இருக்கலாம். உயிரணுக்களை இடும் முன் தகடுகளை ஒரு நாள் பாஸ்பேட்டில் ஊறவைத்து, கழுவி, அதன்பின் பயன்படுத்துங்கள்.